நாள் எண்ணுகிறவர்கள்

எங்கள் பெரியப்பாவுக்கு வீட்டில் 'எம்டன்' என்று பெயர். அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை. அவருடைய மோட்டார் சத்தம் முச்சந்தியில் கேட்கும்போதே அக்கா, "டேய், எம்டன் வருது, புக்க எடு" என்பாள். எமன் என்ற சொல்தான் இப்படி நீண்டுவிட்டது என்று இந்தப் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். எம்டன் ஒரு கப்பல். ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்துபோனது. பயந்துபோன நகரம் அந்தப் பெயரைப் பேச்சில் வைத்துக்கொண்டது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆதாரம் கிடையாது. சொல் மட்டும் கப்பலேறி கெடா தோட்டத்துக்கு வந்து பெரியப்பாவின் தலையில் உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கப்பல் எங்கள் பக்கமும் வந்திருக்கிறது என்பதைத்தான் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சென்னைக்குப் பிறகு ஐந்தே வாரத்தில், அக்டோபர் 28 விடிகாலையில், எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கி. துணியும் கட்டையும் வைத்துப் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு வந்தது. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் முழித்துக்கொள்வதற்குள் டார்பிடோ. அதன் கேப்டன் அன்றிரவு கப்பலிலேயே இல்லை, கரையில் தங்கியிருந்தார். 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வெளியே போகும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு எம்டன் போய்விட்டது. வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அந்த ரஷ்யர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.

அந்தக் கல்லுக்கு முன் நின்றபோது எனக்கு வந்த கேள்வி ரொம்பச் சாதாரணமானது. பிரிட்டிஷ்காரனின் துறைமுகத்தில் ரஷ்யனுக்கு என்ன வேலை? இதே ஜெம்சுக் 1905-ல் ஸுஷிமாவில் ஜப்பானோடு சண்டை போட்டுத் தப்பிய கப்பல். 1914-ல் ஜப்பான், பிரிட்டன், ரஷ்யா, பிரான்ஸ் எல்லாம் ஒரே கட்சி. எம்டனைத் தேடி இந்தக் கடலில் ஜப்பானியக் கப்பல்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்பது வருஷத்தில் இத்தனை பேர் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நடுவில் யாரோ நாற்காலியை இழுத்திருக்க வேண்டும்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. நிபோங் திபாலில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷமாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளரிடமிருந்து பழுதாகித் திரும்பி வரும் சிப்புகளைப் பிரித்துப் பார்த்து, ஏன் பழுதானது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. இந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது, வெடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே என்பது. கருகிய இடம் கடைசியாகப் பழுதான இடம். ஆரம்பித்தது வேறெங்காவது இருக்கும்.

பெரிய நாடுகள் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதற்கு இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் விளக்கம் துசிடிடீஸ் பெயரில் வருகிறது. ஏதென்ஸ் வளர்ந்தது, அது கண்டு ஸ்பார்ட்டா பயந்தது, அதனால் போர் தவிர்க்க முடியாமல் போனது என்று கிட்டத்தட்ட 2,400 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதினார். ஹார்வர்டின் கிரஹாம் அலிசன் அதை எடுத்து 'துசிடிடீஸ் பொறி' என்று பெயர் வைத்து, கடந்த 500 ஆண்டுகளில் 16 முறை ஒரு வல்லரசு இன்னொன்றை முந்த வந்தது, அதில் 12 முறை போரில் முடிந்தது என்று 2017-ல் ஒரு புத்தகமே போட்டார். எங்கள் கேன்டீனில்கூட இந்த 16-க்கு 12 வந்துவிட்டது. யூடியூப் புண்ணியம்.

எனக்கு இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. ஒரே ஒரு ஏணி இருப்பதுபோலவும், ஒருவன் ஏற, ஒருவன் இறங்க, நடுவில் இடித்துக்கொள்வதுபோலவும் இது படம் காட்டுகிறது. 1914-ன் ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலிருந்து பார்த்தால் அது ஏறுகிற நாடு. இரும்பு, ரசாயனம், மின்சாதனம் எல்லாவற்றிலும் முன்னால். 1898-லிருந்து கடற்படையையும் பெருக்கியது. ஆனால் பெர்லினில் உட்கார்ந்திருந்த தளபதிகள் மேற்கே மட்டும் பார்க்கவில்லை. கிழக்கே ரஷ்யா ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தது, படையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. 1917 வாக்கில் அந்த வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். முடிந்தால் ரஷ்யாவை அடிக்கவே முடியாது. 1912 டிசம்பரிலேயே தலைமைத் தளபதி மோல்ட்கே, போர் வரத்தான் போகிறது, சீக்கிரம் வந்தால் நல்லது என்று கைசரிடம் சொல்லிவிட்டார். கடல் போட்டியில் பிரிட்டனை முந்த முடியாது என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஏறுகிறவனாகத் தெரிந்த ஜெர்மனி, தன் கண்ணுக்கு நேரம் போய்க்கொண்டிருக்கிறவனாகத் தெரிந்தது. 1914-ல் அது எடுத்த முடிவு அந்த இரண்டாவது ஜெர்மனி எடுத்த முடிவு என்றுதான் நான் படிக்கிறேன்.

வியாபாரம் இருந்தால் சண்டை வராது என்பார்கள். அன்றைய பினாங்கின் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று ஜெர்மானியர்களுடையது, பென் மேயர் என்று பெயர். போர் வந்ததும் அது எதிரிச் சொத்தாகிவிட்டது. ஒன்றாக உட்கார்ந்து பீர் குடித்தவர்கள்தான்.

பிரிட்டன் என்ன செய்தது என்பது எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை. எல்லாக் கடலையும் தானே காக்க இனி முடியாது என்று அதற்கு 1900 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. 1902-ல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டுக் கிழக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கப்பல்களை ஜெர்மனியைப் பார்க்க ஊருக்கு இழுத்துக்கொண்டது. காவலுக்கு ஆள் வைத்த மாதிரி. பிறகு அமெரிக்காவுக்கு அந்தக் காவலாளியைப் பிடிக்கவில்லை. வாஷிங்டன் மாநாட்டுக்குப் பின் ஒப்பந்தம் காலாவதியானது. காவலாளியை நிறுத்தியவர்கள் அவன் திருடனாக வரக்கூடும் என்று யோசித்து, 1921-ல் சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்ட முடிவெடுத்தார்கள்.

செம்பவாங்கில் கட்டப்பட்ட அந்தத் தளத்தைப் பற்றி ஒரு பொறியாளனாக எனக்குப் பிரமிப்புதான். இங்கிலாந்தில் கட்டிய மிதவைத் துறையை 1928-ல் சூயஸ் வழியாகக் கடலிலேயே இழுத்து வந்து சேர்த்திருக்கிறார்கள். ஆறாம் ஜார்ஜ் உலர்துறை 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. எவ்வளவு பெரிய போர்க்கப்பலையும் உள்ளே ஏற்றி வேலை செய்யலாம். ஒன்றே ஒன்றுதான் இல்லை, கப்பல். தளம் மட்டும் இங்கே, கப்பற்படை ஐரோப்பாவில். ஜப்பான் வந்தால் அங்கிருந்து கப்பல் கிளம்பி வரும், அதுவரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்க வேண்டும். எத்தனை நாள்? முதலில் 42 நாள் என்று வைத்தார்கள். 1937-ல் அது 70 ஆனது. 1939-ல் 90. அதே வருஷம் ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் 180.

இந்த எண்கள் வரிசையை நான் முதலில் படித்த அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. மலாயாவில் யாரிடமும் கேட்காமல் லண்டனில் யாரோ பென்சிலால் அடித்து அடித்து எழுதிய எண். பாதுகாப்பு நீங்குகிறது என்று யாரும் அறிவிக்கவில்லை. நாள் மட்டும் கூடிக்கொண்டே போனது. பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திருப்ப முடியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். பெரும்பாலானவற்றைத் திருப்ப முடிந்தது. அந்தக் கதை பிரபலமானதற்குக் காரணம், முட்டாள்தனமாக ஏமாந்தோம் என்பது வரமாட்டோம் என்று தெரிந்தே இருந்தோம் என்பதைவிடச் சொல்லச் சுலபம். இது என் சந்தேகம்தான்.

ஜப்பான் பக்கம் போவோம். பிரிட்டனுக்கு எதிரில் ஜப்பான் ஏறுகிற நாடு, அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவுக்கு எதிரில்? அங்கே ஏறுவது அமெரிக்கா. கப்பல் கட்டுவதிலும் எஃகிலும் இடைவெளி வருஷா வருஷம் கூடிக்கொண்டிருந்தது. ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்தது. சீனாவில் 1937-லிருந்து முடியாத போர். 1941 ஜூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் இறங்கியது. அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது, ஆகஸ்டில் எண்ணெய் நின்றது. அன்றிலிருந்து தோக்கியோவில் எல்லாக் கூட்டமும் எண்ணெய்க் கணக்குதான். கடற்படை மணிக்கு 400 டன் எண்ணெயை எரிக்கிறது, சீக்கிரம் முடிவெடுங்கள் என்று அதன் தலைமைத் தளபதி நகானோ நெருக்கினார். சும்மா நின்றாலும் தொட்டி காலியாகும். காலியான பிறகு சண்டை போட முடியாது. அப்படியானால் இப்போதே. எண்ணெய் எங்கே இருக்கிறது? பலெம்பாங்கில், போர்னியோவில். வழியில் என்ன இருக்கிறது? நாம்.

இதில் என்னை மிகவும் பிடித்து உலுக்கியது வேறொரு விஷயம். 1941 கோடையில் தோக்கியோவில் 'முழுப் போர் ஆய்வுக் கழகம்' என்ற அரசு நிறுவனத்தில் முப்பது வயதுக்காரர்கள் முப்பத்துச் சொச்சம் பேரை உட்கார வைத்தார்கள். அதிகாரிகள், ராணுவத்தினர், தனியார் நிறுவனங்களிலிருந்து வந்த சிலர். போலியாக ஒரு அமைச்சரவை அமைத்து, அமெரிக்காவோடு போர் வந்தால் என்ன ஆகும் என்று உண்மையான எண்களை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் சொல்லும் சிமுலேஷன்தான். ஓட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் வெற்றி வரும், பிறகு சரக்குக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டே போகும், போர் நீளும், கடைசியில் சோவியத்தும் நுழையும், ஜப்பான் தோற்கும். ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் இல்லத்தில் இதை வாசித்தார்கள். அப்போது ராணுவ அமைச்சராக இருந்த தோஜோ முழுக்கக் கேட்டார். உங்கள் உழைப்பு பாராட்டத்தக்கது, ஆனால் போர் என்பது மேசைக் கணக்கு அல்ல, ரஷ்யாவோடு மோதியபோதும் ஜெயிப்போம் என்று நினைத்தா மோதினோம், இதை வெளியே பேசாதீர்கள் என்கிற தொனியில் பதில் சொல்லி முடித்துவிட்டார். அக்டோபரில் அவரே பிரதமர்.

கணக்கு தெரியாமல் போருக்குப் போனார்கள் என்றால் நமக்கு ஆறுதல். கணக்கு சரியாகவே இருந்தது. என்னை மாதிரி ஓர் ஆள், கொஞ்சம் மூத்தவர், சரியான அறிக்கையைச் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கொடுத்திருக்கிறார். மனிதன் சில நேரம் கியோமிஸு கோவில் மேடையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதிக்கத்தான் வேண்டும் என்று தோஜோ, தனக்கு முன் பிரதமராக இருந்த கொனோயேவிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தோற்போம் என்ற எண்ணைவிட, நாளைக்கு இதைவிட மோசமாகத் தோற்போம் என்ற எண் அவர்களை அதிகம் பயமுறுத்தியது. ஏறுகிற நாட்டைவிட, ஏறி வந்தவன் இனி இறக்கம்தான் என்று நினைக்கத் தொடங்கும் நிமிஷம் ஆபத்து.

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பேர்ல் ஹார்பருக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே. உலகப் போரின் பசிபிக் பாகம் கிளந்தான் கடற்கரையில் ஆரம்பித்தது என்று சொன்னால் என் சக ஊழியர்கள் நம்ப மறுக்கிறார்கள். 10-ஆம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களும் குவாந்தானுக்கு வெளியே விமானங்களால் மூழ்கின, 840 பேரோடு. 180 நாளுக்குள் வரவேண்டிய கப்பற்படையில் வந்து சேர்ந்ததே இவ்வளவுதான். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் விழுந்தது. உலர்துறை திறந்து நான்கு வருஷமும் ஒரு நாளும்.

பினாங்குக்கு விமானங்கள் 11-ஆம் தேதி வந்தன. சனங்கள் ஓடி ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். நம்முடைய விமானம் என்றும் சிலர் நினைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். சில நாள் கழித்து, 16-ஆம் தேதி இரவு, வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் படகேறினார்கள். மற்றவர்களுக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி இருக்கும்வரை குண்டு விழும். அதை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஒரு தமிழர். இலங்கைத் தமிழரான எம். சரவணமுத்து, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். இங்கே ராணுவம் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியிலும் சொல்ல ஏற்பாடு செய்தார். ஆளில்லாத ஊரைச் சில நாள் ஒரு குழுவாக நடத்தியவர்களில் அவர் முன்னால் நின்றார். இதே நேரத்தில் சிங்கப்பூரில் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கின் பெரும்பான்மை மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று வானொலியில் பேசினார். அவர் எண்ணிய மக்கள் வேறு.

வல்லரசு இறங்குவது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டால் நான் பொருளாதார வரைபடம் காட்ட மாட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் வரிசையாகத் திறந்து கிடக்கும் வீடுகள், நாய்கள் மட்டும், கம்பத்தில் யாரும் இறக்காத கொடி. அதை இறக்குவதற்கு ஒரு பத்திரிகைக்காரர் ஏற வேண்டியிருந்தது. சரவணமுத்துவைப் பற்றித் தமிழில் நாம் போதுமான அளவு எழுதவில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பிறகு நடந்தது எல்லாத் தோட்டத்து வீட்டிலும் இருக்கும் கதை. பாட்டி அதை 'சப்பான்காரன் காலம்' என்பார். மரவள்ளிக்கிழங்கு, வாழைமரத்து நோட்டு. அவருடைய சித்தப்பா ஒருவரை சயாம் ரயில் போட லாரியில் ஏற்றிப் போனார்கள். "மூணு மாசத்துல கொண்டாந்து விட்டுருவோம்னு சொல்லித்தான்டா ஏத்துனாங்க. சித்தி தெனமும் சுவத்துல கரிக்கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சு." எத்தனை கோடு வரைக்கும் போட்டார்கள் என்று கேட்டேன். "சுவரு போற வரைக்கும்" என்றார். தோட்டத்து லயத்து வீடு, பலகைச் சுவர். அந்தச் சித்தப்பா பிரிட்டனைப் பற்றியும் ஜப்பானைப் பற்றியும் என்ன நினைத்தார் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. 1943-லிருந்து பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வந்து தங்கின என்று பின்னால் படித்தபோது சிரிப்பு வந்தது. எம்டன் மறுபடியும் வந்திருக்கிறது, இந்த முறை விருந்தாளியாக.

ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் இப்படித்தான் முடிய வேண்டும் என்றில்லை. பிரிட்டனை உண்மையில் முந்தியது அமெரிக்காதான், அதோடு பிரிட்டன் சண்டை போடவில்லை. 1895-ல் வெனிசுவேலா எல்லைத் தகராறில் அமெரிக்கா உறுமியபோது பிரிட்டன் பின்வாங்கியது. அமெரிக்காவுக்குக் கீழே வாழ்வது தாங்கக்கூடியது என்று அவர்களால் நினைத்துக்கொள்ள முடிந்தது. 1968 ஜனவரியில் வில்சன் அரசு, 1971 முடிவுக்குள் இங்கிருந்து படைகளை எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது, ஆயிரக்கணக்கான தமிழர், மலையாளிகளின் வேலையும் அதில் இருந்தது. செம்பவாங் தளத்தை ஒரு வெள்ளி அடையாளத் தொகைக்குச் சிங்கப்பூரிடம் கொடுத்தார்கள். இந்த முறை தேதி சொல்லிவிட்டுப் போனார்கள். வலித்தது, ஆனால் குண்டு விழவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் என் சம்பளம் பிறந்தது. சுதந்திரத் துறைமுக அந்தஸ்தை இழந்து வேலையில்லாமல் கிடந்த பினாங்கில், 1972-ல் பாயான் லெப்பாஸ் வர்த்தக வட்டாரம் தொடங்கியது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்கன் அதிகம், ஜெர்மன் உண்டு, ஜப்பான்காரன் உண்டு. துறைமுகத்தில் மோதிக்கொண்டவர்கள் பக்கத்துப் பக்கத்து ஆலையில் சிப் அடித்தார்கள். இன்று உலகில் சிப்புகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது.

அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து எங்களுக்கு வேலை கூடியிருக்கிறது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. 2019-ல் ஹுவாவேயை அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்தது. 2022 அக்டோபரில் உயர்ரக சிப்புகளும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போகக்கூடாது என்று பெரிய பூட்டுப் போட்டது. சீனாவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று அமெரிக்க நிறுவனங்கள் இங்கே வந்தன. அமெரிக்க வரியிலிருந்து தப்பிக்க சீன நிறுவனங்களும் இங்கேயே வந்தன. பத்து காவானில் புதிது புதிதாகக் கூரை எழும்புகிறது. என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் இரண்டு வருஷத்தில் வீடு வாங்கிவிட்டார்கள். "நல்லா சண்ட போடட்டும்டா, நமக்கு ஓட்டி கெடைக்குது" என்றான் ஒருவன், தே தாரேவை ஆற்றிக்கொண்டே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சீன சூப்பர்வைசர் மலாய் மொழியில் கேட்டார்: "யானைங்க சண்ட போட்டா நடுவுல என்ன சாகும், தெரியும்ல?" சருகுமான் என்பது மலாய்ப் பழமொழி. அவருடைய தாத்தாவை ஜப்பானியர் 1942-ல் கூட்டிப்போனார்கள் என்று அன்றைக்குத்தான் சொன்னார். பதினோரு வருஷம் அதே ஆலையில் வேலை செய்கிறவர். எனக்கும் என் நண்பனுக்கும் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

அவர் போன பிறகு நாங்கள் யார் ஜெயிப்பார் என்று பேசவில்லை, அது கேன்டீனில் தினம் நடப்பது. யார் நாள் எண்ணுகிறார் என்று பேசினோம். சீனாவில் கிழக்கு எழுகிறது, மேற்கு இறங்குகிறது என்று அதிகாரபூர்வமாகவே பேசுகிறார்கள். அப்படி உண்மையாகவே நம்பினால் அவசரப்பட வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். ஆனால் 2022-லிருந்து அங்கே மக்கள்தொகை குறைகிறது, வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. சீனா உச்சத்தைத் தொட்டுவிட்டது, ஆபத்து அதனால்தான் என்று ஹால் பிராண்ட்ஸ், மைக்கேல் பெக்லி இருவரும் சேர்ந்து அதே ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். ஜெர்மனியும் ஜப்பானும் அவர்களுக்கும் உதாரணம். நான் இவ்வளவு நேரம் சொன்னதன் பாதி அவர்களோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. நாள் எண்ணும் வேலையைச் சீனாவின் தலையில் மட்டும் கட்டுகிறார்கள். அமெரிக்காவும் எண்ணுகிறது. 2021-ல் அமெரிக்காவின் இந்தோ-பசிபிக் தளபதி செனட் குழுவின் முன், தைவான் மீதான ஆபத்து அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் வெளிப்படலாம் என்றார். அன்றிலிருந்து 2027 என்ற எண் ஆயுத ஒப்பந்தத்தில் வருகிறது, பட்ஜெட்டில் வருகிறது, பாட்காஸ்டில் வருகிறது. மோல்ட்கேயின் 1917-ஐப் போல. ஒருவன் தேதி வைத்துத் தயாராவதைப் பார்த்து அடுத்தவன் தன் தேதியை முன்னால் இழுக்கிறான். சிப்புக்குப் போட்ட பூட்டை 1941-ன் எண்ணெயோடு ஒப்பிடுவது மிகை, சிப் இல்லாமல் சீனக் கடற்படை நாளைக்கே நின்றுவிடாது. அணுகுண்டு இரண்டு பக்கமும் இருப்பதும் பெரிய வித்தியாசம். இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தோஜோவுக்கும் சரியான கணக்கைத்தான் வாசித்துக் காட்டினார்கள்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து எக்ஸெல் படிவம் வந்தது. இடர் மதிப்பீடு. வெள்ளம், தீ, மின்தடை என்று வழக்கமான வரிசைகள். இந்த முறை புதிதாக ஒரு வரி: தைவான் நீரிணை வழியாகக் கப்பல் போக்குவரத்து நின்றால், கையிருப்பை வைத்து எத்தனை நாள் தொடர்ந்து பொருள் அனுப்ப முடியும்? மேலாளர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். ஸ்டோருக்குப் போனேன். பொதியும் பலகை எங்கிருந்து வருகிறது, தங்கக் கம்பி எங்கிருந்து வருகிறது, பிசின் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தைவான், ஜப்பான், தென்கொரியா, சீனா. ஸ்டோர் அண்ணன் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பலகை முப்பத்தெட்டு நாளைக்கு வரும். மத்தத விடு, அது தீந்தா எல்லாம் தீந்துச்சு" என்றார்.

38 என்று எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த எண் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல, 90 ஆக்குவதற்கான திட்டத்தை அடுத்த காலாண்டுக்குள் அனுப்பவும். ஸ்டோர் அண்ணனிடம் காட்டினேன். "தொண்ணூறு நாளைக்கு அடுக்க எடம் எங்க இருக்கு? கேட்டுச் சொல்லு" என்றார். நாங்கள் இருவரும் பழைய பொதிகளை நகர்த்திவிட்டு, சுவர் ஓரமாக அளவு நாடாவைப் பிடிக்க ஆரம்பித்தோம்.